சாப்பாவின் புதிய வடிவம்

மட்டாஞ்சேரியில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கிய தொழிலாளர்களுக்கு அன்று வேலை பங்கிடப்பட்ட முறைக்குச் ‘சாப்பா’ என்று பெயர். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசியெறிவர். முண்டியடித்துப் பொறுக்கியவருக்கே அன்றைய வேலை. இந்த இழிவுக்கு எதிராக எழுந்த போராட்டத்தின்மீது 1953 செப்டம்பர் 15 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. செய்து, செய்தலவி, ஆன்டனி ஆகிய தோழர்கள் அப்போராட்டத்தில் உயிர் ஈந்தனர்.

இன்று பட்டம் முடித்து வேலை தேடும் இளைஞர் கூட்டத்தின் முன்னும் ஒரு வில்லை வீசப்படுகிறது. அதன் பெயர் ‘முன்னனுபவம்’. தொடக்கநிலை வேலைக்கே அனுபவம் கேட்கிறார்கள். அதைப் பெறுவதற்கு ஊதியமில்லாப் பயிற்சியைக் காட்டுகிறார்கள். வசதி படைத்தவர் வீட்டுப் பிள்ளை ஆறு மாதம் சம்பளமின்றி இருக்கலாம். சுமைத் தொழிலாளியின் மகளால் முடியுமா? அவளிடம் இருப்பவை கல்லூரியில் செய்த களஆய்வும் ஆய்வக அறிக்கையும் செயல்திட்டமும்தான். அவற்றை விண்ணப்பத்தில் எழுதினால், ‘வெறும் கல்லூரிப் பாடம்’ என்று ஒதுக்குகிறார்கள். அதே வேலையை ஒரு கம்பெனிக்கு இலவசமாகச் செய்து கொடுத்திருந்தால் அது ‘அனுபவம்’ ஆகிவிடும்!

‘பாடத்திட்டம் பழையது, பட்டதாரிக்குத் திறன் இல்லை’ என்று முதலாளிகள் புலம்புகின்றனர். தங்கள் நிறுவனத்துக்கே உரிய வேலையைக் கற்றுக்கொடுப்பது அவர்களின் செலவு. அதையும் மக்கள் தலையில் கட்டுவதே ஒன்றிய அரசின் கொள்கை. 2024 ஜூலை பட்ஜெட்டில் பிரதமர் பயிற்சித் திட்டம் அறிவிக்கப்பட்டபோது மாத உதவித்தொகை 5,000 ரூபாயாக இருந்தது. அதில் அரசின் பங்கு 4,500, பெருநிறுவனத்தின் பங்கு 500! பயிற்சி முடிந்தபின் வேலைக்கு உத்தரவாதமும் இல்லை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமோ, பழகுநர் தொழிலாளி அல்லர் என்று கூறி, தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்பை மறுக்கிறது.

மாணவர்கள் தங்கள் பாடப் பணியைக் கூச்சமின்றி முன்வைக்க வேண்டும். எந்தக் கேள்வியை ஆராய்ந்தோம், எந்த முறையில் செய்தோம், குழுவில் தம் பங்கு எது, முடிவு என்ன என்பதை மிகையின்றி எழுதினால் போதும். காசுக்கு விற்கப்படும் போலி அனுபவச் சான்றிதழ் நமக்கு வேண்டாம். இப்படி எழுத வழிகாட்டுவதை நம் கிளைகளும் வாசகசாலைகளும் தம் பணியாக ஏற்க வேண்டும்.

ஆயினும் விண்ணப்பத்தை எவ்வளவு செம்மையாக எழுதினாலும் வில்லை வீசும் கை ஓயாது. ஊதியமில்லாப் பயிற்சியைத் தடை செய்! தொடக்கநிலை வேலைக்கு முன்னனுபவம் கேட்பதைக் கைவிடு! பயிற்சியாளர்களைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் கொண்டுவா! இம்முழக்கங்களுடன் மாணவரையும் தொழிலாளரையும் ஒரே அணியில் திரட்டுவோம்.