நிலம் அளக்கப் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு

ஆர்.எஸ். மங்கலம் சுற்றுவட்டாரப் பெற்றோருக்கும், மேற்படிப்புக்கு வெளிநாடு கிளம்பத் துடிக்கும் தம்பி தங்கைகளுக்கும், ஆஸ்திரேலியாவின் டூவூம்பாவிலிருந்து வணக்கம்.

சிவில் முடித்த பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம், "அண்ணே, எந்த யுனிவர்சிட்டி நல்லது?" என்பதுதான். படித்துவிட்டு என்ன வேலை பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நில அளவை, இடஞ்சார் அறிவியல், சுற்றுச்சூழல் மேலாண்மை மூன்றையும் ஏஜென்ட் ஒரே தட்டில் வைத்து நீட்டுவார். மூன்றும் வேறு வேறு பிழைப்பு.

நில அளவையில் எல்லைக்கல் நடுவது சட்டத்துக்குக் கட்டுப்பட்ட வேலை. இங்கே மாநிலத்துக்கு மாநிலம் சர்வேயர் வாரியம் உண்டு. அதில் பதிவு பெறாமல் மனை எல்லையை முடிவு செய்து கையெழுத்துப் போட முடியாது. முதுகலைப் பட்டம் வாங்கினாலே அந்தப் பதிவு வந்துவிடாது. நீங்கள் சேரப்போகும் படிப்பை வாரியம் ஏற்கிறதா என்று பணம் கட்டும் முன்பே எழுதிக் கேளுங்கள்.

இடஞ்சார் அறிவியலில் ஜிஐஎஸ், ட்ரோன், செயற்கைக்கோள் படம் எல்லாம் வரும். அடியில் இருப்பது கணக்கு. இந்தக் கண்டம் ஆண்டுக்குச் சுமார் 7 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது. அதனால் 1994ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட ஆயத்தொலைவுகளை 2020ஆம் ஆண்டு அடிப்படைக்கு மாற்றியபோது ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய 1.8 மீட்டர் தள்ளிப்போனது. இது தெரியாமல் பழைய வரைபடத்தை நம்பித் தோண்டினால் பக்கத்துக் கேபிள் அறுந்துபோகும்.

சுற்றுச்சூழல் மேலாண்மைக்கு மண், நீர், சட்டம் மூன்றும் தெரிய வேண்டும். நம் நாட்டில் 2006 அறிவிக்கையின்படி நடக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும், மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் இந்தத் துறைதான்.

செலவுக்கு வருவோம். இங்கே பல இடங்களில் கிராஜுவேட் சர்டிபிகேட், டிப்ளமா, மாஸ்டர்ஸ் என்று படிப்படியாக ஏறலாம். பாதியில் நின்றாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். ஆனால் முழுக்க ஆன்லைனில் படிக்கும் படிப்பைக் காட்டி மாணவர் விசா வாங்க முடியாது. நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தின் ஐடிசி என்ற இடஞ்சார் அறிவியல் பிரிவில் ஆங்கிலத்திலேயே இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. உண்டு. கடன் வாங்க மனமில்லையா? இஸ்ரோவின் டேராடூன் நிறுவனம் இருக்கிறது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரியும் இருக்கிறது.

எதில் சேர்வதானாலும் முதலில் இதைச் செய்யுங்கள். கியூஜிஐஎஸ் இலவச மென்பொருள். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம்; படத்தின் ஒரு புள்ளி நிலத்தில் 10 மீட்டர். நம் ஆர்.எஸ். மங்கலம் 48 மடைக் கண்மாயின் மே மாதப் படத்தையும் டிசம்பர் படத்தையும் இறக்குங்கள். அகச்சிவப்பைச் சேர்த்த போலி நிறப் படமாகப் பார்த்தால் தண்ணீர் கறுப்பாகவும், சீமைக்கருவேலம் போன்ற பசுமை சிவப்பாகவும் தெரியும். இரண்டையும் வரைந்து பரப்பைக் கணக்கிடுங்கள். பிறகு கரையில் நடந்துபோய்ச் சரிபாருங்கள். கணினி பிடித்ததா, வெயிலில் நடந்தது பிடித்ததா, கண்மாயைக் காப்பது பற்றி ஊராரிடம் பேசியது பிடித்ததா என்று எனக்கு எழுதுங்கள். எந்தப் படிப்பு, எந்த ஊர் என்பதை அதற்கப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்