அவன் செய்த சதி

ஏழு வயது மகளுக்கு 'சீலியாக்' என்று டாக்டர் சொன்ன அன்றே கோதுமை, மைதா, ரவை மூன்றும் வீட்டைவிட்டு நாடு கடத்தப்பட்டன. அத்தோடு போச்சா? கடைப் பெருங்காயத்தில்கூட பெரும்பாலும் கோதுமை மாவு கலக்கிறார்கள். ரசம் வாசனையில்லாமல் போயிற்று.

போன மாதம் வகுப்பில் யாருக்கோ பிறந்தநாள். எல்லோரும் கேக் சாப்பிட, இவள் மட்டும் வாழைப்பழத்தோடு உட்கார்ந்திருந்தாளாம். 'உன் பிறந்தநாளுக்கு நானே பிஸ்கட் சுடறேன்' என்று உளறிவிட்டேன். நான் படித்ததோ பி.காம்.!

பாதாம் மாவு, வெண்ணெய், தேன். 'அவன்' (மின் அடுப்பைத்தான் சொல்கிறேன்) 180 டிகிரி. 12 நிமிஷம் கழித்துத் திறந்தால் பின்வரிசை கரி, முன்வரிசை களி!

பாதாமும் தேனும் மைதா, சர்க்கரையைவிடச் சீக்கிரம் சிவந்துவிடுமாம். சூட்டைக் குறைக்கணும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைத்தேன். குமிழ் 180 என்கிறது, அது 205 என்கிறது. இப்படிக் கணக்குக் காட்டினால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

"ஏண்டா, தோசைக்கல்லே ஒரு பக்கம்தானே காயும்? பாதியில திருப்பி வைக்கத் தெரியாதா?" என்றாள் அம்மா. அவனைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள்!

குமிழை 140-க்கு இறக்கினேன். எல்லாம் ஒரே கனம். அடி தீயாமலிருக்க, தட்டுக்குக் கீழே இன்னொரு காலித் தட்டு. ஏழாவது நிமிஷம் முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பினேன்.

24 பிஸ்கட்டும் ஒரே நிறம்!

மகள் எண்ணிப் பார்த்தாள். "க்ளாஸ்ல நாப்பது பேருப்பா. எல்லாருக்கும் என் பிஸ்கட்தான்!"

மறுபடி மாவு பிசைகிறேன்.