கடன்காரன் கையில் கணக்கு நோட்டு

நமக்காக நடத்துகிற சங்கத்தில் நமக்கு நாற்காலி கிடையாது. இது நேத்து வந்த வியாதி இல்லை தோழர்களே. 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம். அந்த மாசம் முடிவதற்குள் பம்பாயில் தீண்டாமை ஒழிப்புக்கு ஒரு சங்கம் முளைத்தது. அதுதான் பிறகு ஹரிஜன சேவா சங்கம். தலைவர் பிர்லா, செயலாளர் தக்கர். மத்தியக் குழுவில் இருந்த அம்பேத்கர், கிணறு, பள்ளிக்கூடம், தெரு என்று குடிமை உரிமைக்குப் போராடச் சொல்லித் தக்கருக்குக் கடிதம் எழுதினார். கிடைத்தது என்றுகூடப் பதில் இல்லை. வெளியேறினார்.

நிர்வாகக் குழுவில் தலித்துகளுக்கு இடம் கேட்டபோது காந்தி சொன்ன நியாயம் இது: சாதி இந்துக்கள் கடன்பட்டவர்கள், நீங்கள் கடன் கொடுத்தவர்கள், இது கடனாளிகளின் குழு. 1945இல் அம்பேத்கர் தன் புத்தகத்தில் இதையெல்லாம் போட்டு உடைத்திருக்கிறார்.

நான் பாங்க் குமாஸ்தா. கடன் வாங்கினவனே பேரேடு எழுதி, வட்டியையும் அவனே குறைச்சுக்கிட்டு, 'இவ்ளோ கட்டிட்டேன், போதுமா?'ன்னா எந்த பாங்க் ஒத்துக்கும்? 2016 திவால் சட்டத்தில், நடவடிக்கைக்கு வந்த கம்பெனியின் இயக்குநர் குழுவுக்கு அதிகாரம் நிறுத்தப்படுகிறது. பெரிய முடிவுகளைக் கடன் கொடுத்தவர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். காந்தி கணக்குப்படியே பார்த்தாலும் நாற்காலி நம்முடையது.

இன்றைக்கும் கவுண்டருக்கு வருகிற டிரஸ்ட் பத்திரங்களைப் பார்க்கிறேன். புருஷன் தலைவர், பொண்டாட்டி செயலாளர், மச்சான் பொருளாளர். நோட்டீஸில் சிரிக்கிற குழந்தை மட்டும் நம்ம சேரிப் பிள்ளை. கள்ளிக்குப்பத்துக்கும் ஆவடிக்கும் வண்டியில் அலையும் நம்ம பையனுக்குக் 'களப்பணியாளர்' என்று பேர். செக்கில் அவன் கையெழுத்து செல்லாது.

சங்கமாகப் பதிந்தால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டச் சொல்கிறது. நிர்வாகக் குழுவின் ஒரு பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. டிரஸ்ட்டில் இந்தத் தொல்லை இல்லை. 'ஆயுள் அறங்காவலர்'னு பத்திரத்துல எழுதிக்கிட்டா சாகுற வரைக்கும் அவன்தான். அரசாங்கத்தின் பிடியும் நமக்கு உதவாது. 2020 திருத்தப்படி வெளிநாட்டுப் பணம் முதலில் புதுடெல்லி ஸ்டேட் பாங்க் கிளையில் விழ வேண்டும். டெல்லிக்குக் கணக்கு உண்டு. சேரிக்கு?

'ஒங்களுக்கு நிர்வாகம் தெரியாதே' என்பான். 1893இல் 'பறையன்' பத்திரிகையை ரெட்டமலை சீனிவாசனும், 1907 முதல் 'தமிழன்' வாரப் பத்திரிகையை அயோத்திதாசரும் நடத்தினார்களே, அந்தச் சந்தாக் கணக்கை எந்த பிர்லா வந்து எழுதினான்?

சேரி பேரைச் சொல்லிப் பணம் வாங்குகிறவனிடம் மூணு கேளுங்கள். விதிமுறைப் புத்தகம் எங்கே? தணிக்கை அறிக்கை எங்கே? குழுவில் பாதி இடமும் செக்கில் ஒரு கையெழுத்தும் எப்போ? நம்ம சங்கங்களிடமும் இதையே கேட்க வேண்டும். தலைவர் நம்ம சாதி என்பதற்காகக் கணக்கு நோட்டை மூடி வைக்க முடியாது.