நைனா என்கிற சொல்

ஒரு நடிகனைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘அவன் எந்த ஊர்க்காரன்? வீட்டில் என்ன பாஷை பேசுகிறான்?’ என்று கேட்கிற புத்திசாலிகள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். இதைத் தமிழுக்குச் செய்கிற தொண்டு என்று வேறு நினைத்துக்கொள்கிறார்கள். தமிழுக்குச் செய்கிற அவமரியாதை என்கிறேன் நான்.

எஸ். வி. ரங்காராவ் 1918-ல் ஆந்திரத்து நூஜிவீட்டில் பிறந்தவர். தீயணைப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்துவிட்டுச் சினிமாவுக்கு வந்தார். 1951-ல் ‘பாதாள பைரவி’யில் மந்திரவாதி, 1957-ல் ‘மாயா பஜா’ரில் கடோத்கஜன். ‘ஆகிருதியும் சிரிப்பும் இருந்தால் போதும், இதற்குப் பாஷை எதற்கு?’ என்று யாராவது சொல்லக்கூடும். சரி, 1960-ல் வந்த ‘படிக்காத மேதை’க்கு என்ன சொல்வார்கள்? அதில் மந்திரமும் இல்லை, கதாயுதமும் இல்லை. நொடித்துப்போன குடும்பத்தின் தலைவர்; தான் வளர்த்த பிள்ளையைப் பிரிந்து உருகுகிற பெரியவர். அவருக்கு மனைவியாக நடித்த கண்ணாம்பாவும் தெலுங்கு நாட்டவரே. அந்த வீட்டில் ஒட்டிக்கொண்ட அனாதைப் பிள்ளைதான் நம் சிவாஜி கணேசன்! கொட்டகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் ஒருவராவது அந்தத் தாய் தகப்பனின் பூர்வீகத்தை விசாரித்தாரா? அதே கண்ணாம்பா 1942-ல் கண்ணகியாக நின்று பாண்டியனிடம் நீதி கேட்டபோதுதான் விசாரித்தார்களா?

இந்த விசாரணை முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. குஸ்டாவ் வான் சைஃபர்டிட்ஸ், 1862-ல் பவேரியாவில் பிறந்த ஜெர்மானியர். ஹாலிவுட்டின் மௌனப் படங்களில் பெயர்பெற்ற குணசித்திர நடிகர். முதல் உலக யுத்தத்தின்போது ஜெர்மானியப் பெயர் என்றாலே அங்கே ஆத்திரம் மூண்டது. மனிதர் தம் பெயரை ஒளித்துவைத்துவிட்டு வேறொரு பெயரில் நடித்தார். 1922-ல் ‘ஷெர்லாக் ஹோம்ஸ்’ படத்தில் மோரியார்டியாக வந்தபோது பழைய பெயரே திரும்பியிருந்தது. இடையில் மாறியது அவருடைய நடிப்பா? ஜனங்களின் புத்தி!

‘அப்படியானால் நம் பிள்ளைகளின் பிழைப்பு?’ என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ரங்காராவ் கொடிகட்டிப் பறந்த அதே காலத்தில்தான் டி. எஸ். பாலையாவும் எம். ஆர். ராதாவும் பறந்தார்கள். யாரும் யாருடைய இலையிலிருந்தும் சோற்றை அள்ளவில்லை. வடசென்னைப் பிள்ளைகளுக்கு வேஷம் கொடு என்று முதலாளிகளிடம் சண்டை போடுங்கள்; நானும் வருகிறேன். உச்சரிப்பு மோசமா, தாராளமாகத் திட்டுங்கள், அது விமரிசனம். பிறப்பைத் திட்டுவதற்குப் பெயர் வேறு.

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்து மூட்டையும் தொழிற்சாலைச் சங்கும் எத்தனையோ ஊர்க்காரர்களை இங்கே ஒன்றாகக் கொண்டுவந்து சேர்த்தன. ‘பேஜார்’ இந்துஸ்தானியிலிருந்து வந்தது. ‘துட்டு’ டச்சுக்காரன் காசிலிருந்து வந்தது. ஏன், இந்தத் தெருக்களில் அப்பனைக் கூப்பிடுகிற ‘நைனா’வே தெலுங்கிலிருந்து வந்ததுதானே! தகப்பனை அழைக்கிற சொல்லையே வாங்கி வாயார அழைத்தவர்கள், தகப்பன் வேஷம் போட்டவரிடம் குலமும் கோத்திரமுமா கேட்பார்கள்?

ரங்காராவ் 1974-ல் சென்னையில் காலமானார். கடைசிவரை தம் பெயரை அவர் மாற்றிக்கொள்ளவில்லை; மாற்றிக்கொள்ளச் சொல்லித் தமிழ் ரசிகன் கேட்கவும் இல்லை. அந்த ரசிகனுக்குப் பாடம் நடத்தப் புறப்பட்டிருக்கிறவர்கள், முதலில் அவனிடம் போய்ப் பாடம் கேட்டுக்கொண்டு வரட்டும்.