கிரில் யாருக்கு மிச்சம்?



நான் இயற்பியல் ஆசிரியன். கடல் உயிரைப் பற்றி எழுத இவருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு கணக்குப் பிழையைப் பற்றி. அந்தப் பிழையை ஒரு காலத்தில் நானும் நம்பியவன்.

பள்ளி நாட்களில் எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. அன்டார்க்டிக் கடலில் கிரில் என்னும் சிற்றுயிர் கோடிக்கணக்கான டன் உள்ளது. அதைத் தின்று வந்த திமிங்கிலங்களை மனிதன் வேட்டையாடித் தீர்த்துவிட்டதால், அவை தின்றிருக்கக்கூடிய கிரில் முழுவதும் மிச்சம். அதைப் பிடித்தால் உலகின் பசி தீரும் என்று அதில் கண்டிருந்தது. எளிய கழித்தல் கணக்கு! படித்த மாத்திரத்தில் நம்பிவிட்டேன். இன்று அந்தக் கணக்கே தவறு என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கிரில் என்பது யாது?

'கிரில்' என்பது நார்வே மொழிச் சொல். மீன்குஞ்சுகளைக் குறிக்க அங்கு வழங்கியது. பார்வைக்குக் கிரில் இறாலைப் போலவே இருக்கும். சந்தையில் உலர்ந்த சென்னாக்கூனியைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதுவும் ஒன்றுதானோ என்று தோன்றும். அப்படியன்று. இரண்டும் கணுக்காலிகளுள் ஓட்டுடலி வகையைச் சேர்ந்தவையே. ஆயினும் கூனி, இறால், நண்டு ஆகியவை பத்துக்காலிகள் என்ற வரிசையில் அடங்கும். கிரிலுக்கோ யூஃபாசியேசியா என்று தனி வரிசை. இறாலின் செவுள்களை மேலோடு மூடியிருக்கும்; கிரிலின் செவுள்கள் மறைவின்றி வெளியே தெரியும். முன்பு கிரிலையும் மைசிட் என்ற வேறு சிற்றுயிர்களையும் ஒரே கூட்டத்தில் சேர்த்திருந்தார்கள். 1883-இல் போவாஸ் என்ற டென்மார்க் விலங்கியலார் அவற்றைப் பிரித்தார். இன்று ஏறத்தாழ 85 இனங்கள் தெரிந்துள்ளன. அவற்றுள் புகழ்பெற்ற அன்டார்க்டிக் கிரில் 6 செ.மீ. நீளமும் 2 கிராம் எடையும் வரை வளரும். 5, 6 ஆண்டுகள் வாழும்.

இயற்பியல் மாணவர்களுக்கு அதன் உடலில் ஒரு பாடம் உண்டு. மேலிருந்து ஒளி வரும்போது, கீழே இருக்கும் பகைவனின் கண்ணுக்குக் கிரில் ஒரு நிழலாகத் தெரிய வேண்டும். அதன் அடிப்பக்கத்தில் ஒளி உறுப்புகள் உள்ளன. கீழ்நோக்கி ஒளி வீசித் தன் நிழலைத் தானே அழித்துக்கொள்கிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். இன்னொரு விந்தையும் உண்டு. உணவு கிடைக்காவிட்டால், ஓடு கழற்றும்போது முன்னதைவிடச் சிறிய உடலாக மாறிவிடும். ஆய்வகத்தில் 200 நாட்களுக்கு மேல் பட்டினியிலேயே உயிர் வாழ்ந்திருக்கிறது!

பசி தீர்ந்ததா?

சோவியத் நாடு 1960-களில் கிரில் பிடிக்கத் தொடங்கியது. 1982-இல் மொத்தப் பிடிப்பு 5 லட்சம் டன்னைத் தாண்டியது. ஆனால் உலகின் பசி தீரவில்லை. கிரில் இறந்ததும் அதன் செரிமான நொதிகள் அதன் உடலையே கரைக்கத் தொடங்கும். சில மணி நேரத்திற்குள் பதப்படுத்தியாக வேண்டும். ஓட்டிலுள்ள ஃபுளூரைடும் சதைக்குள் ஊறும். 1991-இல் சோவியத் நாடு கலைந்தபின் பிடிப்பும் சரிந்தது. இப்போது மீண்டும் உயர்ந்துள்ளது. பிடிபடுவதில் பெரும்பகுதி எங்கே போகிறது? பண்ணையில் வளரும் சால்மன் போன்ற மீன்களுக்குத் தீவனமாகவும், ஒமேகா-3 மாத்திரைக்கு எண்ணெயாகவும் போகிறது. பசித்தவனின் தட்டுக்கு வரவில்லை. ஓர் உயிரை மற்றோர் உயிருக்கு ஊட்டி வளர்த்தால் ஆற்றலில் இழப்பு உண்டு என்பது உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது.

கழித்தலில் என்ன தவறு?

திமிங்கிலங்கள் குறைந்தபின் கிரில் மலைபோல் குவிந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி நேரவில்லை. தென்கடலில் நுண்பாசிகள் வளரத் தடையாக இருப்பது இரும்புச் சத்தின் குறைவு. திமிங்கிலம் கிரிலைத் தின்று, இரும்பு மிகுந்த கழிவை மேற்பரப்பு நீரில் விடுகிறது. அது பாசிக்கு எரு. பாசி கிரிலுக்கு உணவு. அதாவது, திமிங்கிலம் கிரிலைக் குறைக்கவும் செய்தது, வளர்க்கவும் செய்தது. நாம் கழித்தலை மட்டும் எழுதிக்கொண்டு கூட்டலை மறந்துவிட்டோம்!

"அன்டார்க்டிக் கடலில் 30 கோடி டன்னுக்கு மேல் கிரில் இருக்கிறதே! சில லட்சம் டன் எடுத்தால் என்ன குறைந்துவிடும்?" என்று ஒருவர் வாதிடலாம். இது வலுவான வாதம், தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் மாநிலம் முழுவதற்கும் போதிய அரிசி இருப்பதால் உங்கள் தெருக்கடையில் அரிசி இருக்கும் என்று ஆகிவிடுமா? குஞ்சைக் கூட்டில் விட்டு வந்த தாய்ப் பெங்குவின் ஆயிரம் கிலோமீட்டர் போய் இரை தேட முடியாது. அருகிலேயே கிடைத்தாக வேண்டும். கப்பல்களும் கிரில் அடர்ந்த அதே அன்டார்க்டிக் தீபகற்பக் கரையைத்தான் நாடுகின்றன. அங்கேயே கடல்பனியும் குறைந்து வருகிறது. குளிர்காலத்தில் கிரில் குஞ்சுகள் பனியின் அடியில் ஒட்டியுள்ள பாசியைத் தின்றே பிழைக்கின்றன.

இதற்கென்று ஒரு பன்னாட்டு ஆணையம் உண்டு. 1982-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரிலிருந்து இயங்குகிறது. கிரிலை நம்பி வாழும் உயிர்களையும் எண்ணியே பிடிப்பு அளவை வரையறுக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. தென்மேற்கு அட்லாண்டிக் பகுதிக்கு 6,20,000 டன் வரம்பு. அந்த அளவை ஒரே இடத்தில் பிடிக்காமல் பகுதிவாரியாகப் பிரித்திருந்த விதி, நாடுகளிடையே உடன்பாடு இல்லாததால் 2024-இல் காலாவதியாயிற்று. விளைவு? 2025 ஆகஸ்டில் முதன்முறையாக வரம்பு முழுவதும் எட்டப்பட்டு, பருவம் முடியுமுன்பே மீன்பிடிப்பை நிறுத்த நேர்ந்தது.

கிரிலை யாரும் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பகுதிவாரி விதி மீண்டும் வர வேண்டும். பெங்குவின்கள் குஞ்சு பொரிக்கும் கரைகளைக் கப்பல்கள் விட்டு விலக வேண்டும் என்கிறேன். இந்தியா 1986 முதல் அந்த ஆணையத்தின் உறுப்பு நாடு. அங்கே முடிவுகள் அனைவரின் ஒப்புதலோடுதான் நிறைவேறும். ஆகவே நம் நாட்டின் குரலுக்கும் அங்கே எடை உண்டு. நாளை அந்த மேசையில் அமரப்போகிறவர் உங்களுள் ஒருவராக இருக்கலாம்.

அன்று யாராவது 'இது மிச்சம்' என்று ஒரு கணக்கை நீட்டினால், யாருக்கு மிச்சம் என்று முதலில் கேளுங்கள். பள்ளியில் நான் கேட்கத் தவறிய கேள்வி அது.