பொது அறிவும் மட்குவளையும்

பொது அறிவு என்ற பெயரால் நம் மாணவர்க்கு ஊட்டப்படுவது என்ன என்பதைச் சற்றுக் கடுமையாகவே விசாரிக்க வேண்டியிருக்கின்றது. போட்டிப் பரீட்சைகளுக்கென அச்சிடப்பட்டு நம் புத்தகக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் வினாவிடை நூல்களுள் எதனையேனும் எடுத்துப் புரட்டுக. இந்தியா பற்றிய பகுதி எப்போதும் பருத்தே இருக்கும். முதற் குடியரசுத் தலைவர் யார், தேசியப் பறவை எது, எந்தக் கிண்ணம் எந்த விளையாட்டுக்குரியது என்று வினாக்கள் ஒரே மூச்சில் ஓடும். மாணவனும் அதே மூச்சில் விடைகளை ஒப்புவிப்பான். ஆசிரியராகிய நாமும் தலையசைத்துப் புள்ளி இடுவோம்.

இந்நூல்களிற் பிழைகள் மலிந்துள்ளன என்பது உண்மையே. இந்தியாவின் தேசிய விளையாட்டு எது என்ற வினாவுக்கு ஹொக்கி என்று விடை எழுதாத நூல் அரிது. எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாகத் தாம் பிரகடனஞ் செய்ததில்லை என்று இந்திய அரசின் விளையாட்டுத்துறை அமைச்சு 2012ஆம் ஆண்டில் எழுத்து மூலம் அறிவித்துவிட்டது. தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அவ்வினாவைத் தொடுத்தவள் ஒரு பள்ளிச் சிறுமி. நூல்களைத் தொகுத்து விற்கும் பெரியோர் எவர்க்கும் அவ்வாறு கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை!

ஆயினும், பிழையான விடைகளைப் பற்றி நாம் அதிகம் கவலை கொள்ளவில்லை. அவற்றைத் திருத்திவிடலாம். சரியான விடைகளோடுதான் நமக்கு வழக்கு.

ரஞ்சிக் கிண்ணம் எவ்விளையாட்டுக்குரியது? கிரிக்கெட். சரி. 1934இல் தொடங்கிய அப்போட்டி யார் பெயரைத் தாங்குகின்றது? ரஞ்சித்சிங்ஜி. அதுவும் சரி. அவர் நவநகர் சமஸ்தானத்து மன்னர். 1896 தொடக்கம் இங்கிலாந்து அணிக்காகத் துடுப்பெடுத்தாடிப் பெரும் புகழ் ஈட்டியவர். அவருடைய ஆட்டத்தின் அழகை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால், அவர் ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள் யாவும் இங்கிலாந்துக்காகவே ஆடப்பட்டன என்பதையும், கிண்ணத்தை வழங்கியவர் பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஒரு மன்னரின் பெயரால் மற்றொரு மன்னர் அளித்த பரிசையே ஒரு தேசத்தின் விளையாட்டு வரலாறாக நம் பிள்ளைகள் மனனஞ் செய்கின்றனர் என்பது விளங்கும். அதே காலத்தில் வாழ்ந்து, இந்திய மண்ணில் வெள்ளையரை எதிர்த்துப் பந்து வீசி, இந்திய அணியோடு இங்கிலாந்துக்கும் சென்று மீண்ட பல்வங்கர் பாலூவின் பெயரை இந்நூல்களில் நாம் கண்டதில்லை.

பாலூ 1876ஆம் ஆண்டு தார்வாரிற் பிறந்தவர். தோற்றொழிலோடு பிணைத்து வைக்கப்பட்ட சமார் சாதியினர். பூனா நகரிற் பார்சிகளின் கழகமொன்றில் மைதானத்தைக் கூட்டி, உருளை இழுக்கும் வேலைக்கு மாதம் மூன்று ரூபா பெற்றார். பின்னர் வெள்ளையரின் பூனா கிளப்பில் நான்கு ரூபா. வலை கட்டுவதும், டென்னிஸ் தளத்துக்குக் கோடிடுவதும் அங்கு அவர் கடமைகள். துரைமார் துடுப்பாட்டம் பழக வரும்போது அவர்களுக்குப் பந்து வீசுவதும் நாளடைவில் அக்கடமைகளுள் ஒன்றாயிற்று. இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசும் அவர் பந்தில் அந்நாளில் இந்தியாவிலிருந்த சிறந்த ஆங்கில ஆட்டக்காரரே தடுமாறினர். கிரெய்க் என்பவர், தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது. மணிக்கணக்காகப் பந்து வீசிய அந்தக் கைகளில் ஒருமுறையேனும் துடுப்பைக் கொடுத்துப் பார்க்க அத்துரைமார்க்கு மனம் வரவில்லை. துடுப்பு கனவானுக்குரியது; பந்துவீச்சு கூலியாளுக்குரியது. வர்க்கம் என்பது ஆலைகளுக்கும் தோட்டங்களுக்கும் மட்டும் உரியதென்று எண்ணுவோர் பூனா கிளப்பின் பயிற்சி வலையைச் சற்று எண்ணிப் பார்ப்பாராக.

பூனாவின் இந்துக் கழகத்தார்க்கோ துரைமாரைத் தோற்கடிக்கும் ஆசை பெரிதாயிருந்தது. அதற்குப் பாலூ வேண்டும். ஆனால், பாலூவோ தீண்டத்தகாதவர். கழகத்துள் வாக்குவாதம் நிகழ்ந்தது. முடிவில் அவர் அணியிற் சேர்த்துக்கொள்ளப்பட்டார். எவ்வாறு? மைதானத்துள் அவர் தொட்ட பந்தைப் பிராமணரும் தொட்டு எறிந்தனர். இடைவேளை வந்ததும் ஏனையோர் மண்டபத்துள் அமர்ந்து தேநீர் அருந்த, பாலூவுக்கு வெளியே, குடித்தபின் எறிந்துவிடத்தக்க மட்குவளையில் தேநீர் கொடுக்கப்பட்டது. உணவும் தனி இடத்தில், தனித் தட்டில். முகங்கழுவ விரும்பினால் தாழ்த்தப்பட்ட ஊழியனொருவன் மைதானத்தின் ஓரத்துக்கு நீர் கொண்டுவர வேண்டும். பந்து எதனாற் செய்யப்பட்டது? தோலால். அத்தோலை உரித்துப் பதனிட்ட கைகளைத் தீண்டினால் தீட்டு. அத்தோலாலாய பந்தைத் தீண்டினால் வெற்றி! சாஸ்திரம் வல்லவர் எவரேனும் இதற்கு விளக்கம் தருவாராயின் நாம் மகிழ்ச்சியோடு கேட்போம்.

அந்நாளைய பம்பாய்ப் போட்டிகளில் அணிகள் மதவாரியாகவே வகுக்கப்பட்டிருந்தன என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள் என்றிருந்தது, 1912இல் முஸ்லிம்களும் 1937இல் ஏனையோர் என்ற அணியும் சேர ஐந்தாயிற்று. காந்தியடிகள் 1940இல் இம்முறையைக் கண்டித்தார். 1946 வரை அது நீடித்தது. இதிற் பாலூ நின்ற அணியின் பெயர் ‘இந்துக்கள்’. 1906ஆம் ஆண்டு பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றபோது அவரும் தம்பி சிவராமும் அவ்வணியில் ஆடினர். நாடெங்கும் அவ்வெற்றி தேசிய வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. வெள்ளையனை வெல்ல வேண்டிய பொழுதில் இந்துவாகவும், தேநீர் வேளையிற் புறத்தே நிறுத்தப்பட வேண்டியவராகவும் ஒரே மனிதரை ஒரே நாளில் வைத்திருக்க ஒரு சமுதாயத்தால் முடிந்தது.

1911இல் அகில இந்திய அணி ஒன்று முதன்முறையாக இங்கிலாந்து சென்றது. தலைவர், மேலே கூறிய அதே பட்டியாலா மகாராஜா. அவர் சில ஆட்டங்களில் மட்டும் தலைகாட்டிவிட்டு, முடிசூட்டு விழாக் காலத்து லண்டன் விருந்துகளிற் பொழுதைக் கழித்தார். அணி பெரும்பாலான ஆட்டங்களிற் தோற்றது. தோற்ற அணியில் நின்று, முப்பத்தைந்தாம் வயதில், தோள் வலியோடு பாலூ அச்சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். விக்கெட் ஒன்றுக்குக் கொடுத்தது சராசரியாகப் பத்தொன்பதுக்கும் குறைந்த ஓட்டங்கள். நினைவாற்றலைச் சோதிக்க எண்கள்தாம் வேண்டுமெனின், இவ்வெண்களை ஏன் கேட்பதில்லை?

திறமை இவ்வளவு ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட பின்னரும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிட்டவில்லை. ஆண்டுதோறும் அவரினும் இளையோரும், அவர் திறமைக்கு அணுவளவும் ஒவ்வாதோரும் தலைவராயினர். 1920இல் அவரை அணியிலிருந்தே விலக்கிவிட்டு, நோயுற்ற தலைவருக்குப் பதிலாக உயர்சாதி இளைஞரொருவரிடம் தலைமையைக் கொடுத்தபோது, தம்பியர் விட்டலும் சிவராமும் அணியினின்றும் வெளியேறினர். வெளியேறியதோடு நில்லாது, காரணத்தையும் பகிரங்கமாக அறிவித்தனர். விளையாட்டு வீரர் வாய் திறவாது ஆடிவிட்டுப் போக வேண்டும் என்ற உபதேசம் அன்றும் இருந்திருக்கும். அவர்கள் அதற்குச் செவிசாய்க்கவில்லை. பம்பாய் மக்கள் அவர்கள் பக்கம் நின்றனர். அடுத்த ஆட்டத்திற் சகோதரர்கள் திரும்பினர், பாலூ துணைத்தலைவராக்கப்பட்டார். 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அவ்வாண்டே அவ்வணி வெற்றியும் கண்டது. அண்ணனுக்கு மறுக்கப்பட்ட இடம் தம்பிக்குக் கிடைத்தது தானாக நிகழ்ந்த மனமாற்றத்தால் அன்று. இருவர் ஆட மறுத்ததால்.

பாலூவைக் குறையற்ற வீரராக வரைந்து காட்டவும் நாம் முயலவில்லை. 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டோருள் அவரும் ஒருவர். 1937ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலிற் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸின் வேட்பாளராக நின்று, ஏறத்தாழ 2,000 வாக்குகளாற் தோற்றார். தாழ்த்தப்பட்டோரின் தலைவரை வீழ்த்தத் தாழ்த்தப்பட்டோரின் வீரரையே நிறுத்திய அந்தத் தந்திரத்தை நாம் இன்றும் வெறுக்கின்றோம். அந்தத் தேர்தலில் நியாயம் அம்பேத்கர் பக்கமே இருந்தது என்பது நம் முடிபு. ஆனால், அதனையும் மாணவன் அறிந்தாலன்றோ தன் முடிபைத் தானே செய்ய முடியும்? மைதானத்தில் ஒன்றாக எழுந்த ஒரு மக்கட்கூட்டம் அரசியலில் இரண்டாகப் பிரிக்கப்பட்ட கதை, தேசியப் பறவையின் பெயரைக் காட்டிலும் அறியத்தக்கது என்றே எண்ணுகின்றோம்.

விளையாட்டிற் சாதியைப் புகுத்தாதீர்கள் என்று நம்மிடம் சொல்வோர் உளர். சக ஆசிரியர் சிலரும் இதனைச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். மட்குவளையை மைதானத்துக்குக் கொண்டுவந்தவர் யார் என்பதை அவர்கள் முதலில் விசாரிக்கட்டும். பரீட்சைக்கு வேண்டியது விடை மட்டுமே, விளக்கத்துக்கு நேரமில்லை என்பது இரண்டாவது வாதம். இதில் ஓரளவு நியாயமுண்டு. பரீட்சையை நாமா அமைக்கின்றோம்? ஆனால், ஒரு பெயரைச் சொல்லும்போது அதனோடு இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்ல எந்தப் பாடத்திட்டமும் நம் வாயைக் கட்டவில்லை.

ஜெய்பால் சிங்கின் பெயரைச் சில நூல்கள் குறிப்பிடத்தான் செய்கின்றன. 1928ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகத் தங்கப்பதக்கம் வென்ற இந்திய ஹொக்கி அணியின் தலைவர் என்று எழுதி, அத்துடன் முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றன. அவர் சோட்டா நாகபுரியின் முண்டா பழங்குடியைச் சேர்ந்தவர் என்பதும், 1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைமையை ஏற்றவர் என்பதும், 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, தம்மைக் காட்டவன் என்று அழைப்பதிற் பெருமையே கொள்வதாகவும் பழங்குடி மக்களுக்கு ஜனநாயகத்தை எவரும் கற்பிக்கத் தேவையில்லை என்றும் பேசியவர் என்பதும் அந்தப் புள்ளிக்கு அப்பால் நின்றுவிடுகின்றன. அவர் கேட்ட ஜார்க்கண்ட் மாநிலம் 2000ஆம் ஆண்டிலே பிறந்தது. அவர் 1970இலேயே மறைந்துவிட்டார். மாநிலம் பிறந்த ஆண்டை வேறொரு பக்கத்தில், வேறொரு வினாவுக்கு விடையாக மாணவன் மனனஞ் செய்கின்றான்.

இவையெல்லாம் பழங்கதை என்பாருக்கு ஒரு புதிய கதை. 2021ஆம் ஆண்டு யூலை 31ஆம் நாள், டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் ஹொக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண் இவரே. இவ்விடை வினாவிடை நூல்களுள் ஏறிவிட்டது. நான்கு நாட்களின் பின் அரையிறுதி ஆட்டத்தில் இந்திய அணி ஆர்ஜெந்தீனாவிடம் தோற்றது. அன்று, ஹரித்வார் மாவட்டத்திலுள்ள அவருடைய கிராமத்து வீட்டின் முன்பாக உயர்சாதி ஆடவர் சிலர் பட்டாசு கொளுத்தி ஆடினர். சாதிப் பெயரைச் சொல்லி ஏசினர். அணியில் தலித்துகள் மிகுந்தமையாலேயே தோல்வி நேர்ந்தது என்று கூவினர். குடும்பத்தார் பொலிசிற் முறையிட, கைதுகளும் நடந்தன. இந்த விடை எந்த நூலில் ஏறியிருக்கின்றது? பாலூவின் காலத்தில் வெற்றிக்குப் பின்னரே அவமானம் காத்திருந்தது என்றால், இங்கே ஒரு தோல்விக்காகவே ஊரிற் சிலர் காத்திருந்தனர் போலும்.

இஃது இந்தியரின் விவகாரம், நமக்கென்ன என்று யாழ்ப்பாணத்தவர் எவரும் சொல்ல முடியாது. நம் தேநீர்க் கடைகளில் தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிப்பேணியும் போத்தலும் வைக்கப்பட்டிருந்ததை நேரிற் கண்டோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். 1957இற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1966 ஒக்டோபர் 21இற் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் மக்கள் போராட வேண்டியிருந்தது. இவ்வாண்டுகளும் எந்தப் பொது அறிவு நூலிலும் நம் கண்ணிற் பட்டதில்லை. பூனாவின் மட்குவளையை மாணவனுக்குச் சொன்னால், சுன்னாகத்துப் பேணியைப் பற்றி அவன் வீட்டிற் சென்று கேட்பான். நம்மவர் சிலர் அஞ்சுவது அந்தக் கேள்விக்கே என்று நாம் ஐயுறுகின்றோம்.

நூல் தொகுப்போர் இதனைக் கேட்டுத் திருந்துவர் என்று காத்திருக்க நாம் ஆயத்தமாயில்லை. அடுத்த தவணைப் பரீட்சைக்கு நம் வகுப்பில் வினா அமைப்பது நம் கையிலேயே இருக்கின்றது. 1911இல் இங்கிலாந்திலே 114 விக்கெட்டுகள் எடுத்தவர், பூனாவில் எங்கிருந்து தேநீர் அருந்தினார்? ஏன்? இவ்விரண்டாவது வினாவுக்குப் பத்து வரி எழுதும் மாணவன், ஆண்டைப் பிழையாக எழுதியிருந்தாலும் அவனுக்குப் புள்ளி குறைக்க மாட்டோம்.