குறட்டைவிடும் குழந்தைக்கு மூச்சுச் சோதனை போதுமா?

உங்கள் பிள்ளை இரவில் குறட்டைவிட்டால், “ஆடிய களைப்பில் அசந்து தூங்குகிறான்” என்று விட்டுவிடுகிறீர்களா? சளியோடு வரும் குறட்டை பெரும்பாலும் சளியோடு போய்விடும். ஆனால், வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல் குறட்டை வந்தாலோ, இடையிடையே மூச்சு நின்று பிள்ளை திணறினாலோ, அது ‘ஸ்லீப் அப்னியா’ எனப்படும் உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம்.

நூறு குழந்தைகளில் 1 முதல் 5 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. டான்சிலும் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டும் பெருத்து மூச்சுப்பாதையை அடைப்பதே முக்கியக் காரணம். உடல் பருமனும் சேர்ந்துகொள்ளும். இந்நோய் உள்ள பெரியவர்கள் பகலில் தூங்கி வழிவார்கள். குழந்தைகளோ ஓரிடத்தில் உட்காராமல், பாடத்தில் கவனம் இல்லாமல் இருப்பார்கள். அதைக் குறும்பு என்று நினைத்துக் கண்டிக்கிறோம்.

நோயை உறுதிசெய்ய, உடலெங்கும் கம்பிகளைப் பொருத்தி ஓர் இரவு முழுக்க உறக்க ஆய்வு செய்யவேண்டும். மணிக்கு ஒருமுறைக்கு மேல் மூச்சு தடைப்பட்டாலே குழந்தைக்கு அது இயல்பன்று. பெரியவர்களுக்கு அந்த அளவு 5. செலவும் காத்திருப்பும் மிகுந்த இந்த ஆய்வுக்கு எளிய மாற்று உண்டா என்று தேடிய ஆய்வாளர்கள், மூச்சுக்காற்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

ஆஸ்துமா நோயாளிகள் ஊதும் கருவியைக் கொண்டு, வெளிவிடும் காற்றிலுள்ள நைட்ரிக் ஆக்சைடை அளப்பது ஒரு வழி. மூச்சைக் குளிர்ந்த குழாயில் செலுத்தி, படியும் நீர்த்துளிகளில் அழற்சியைக் காட்டும் லியூகோட்ரையீன் போன்ற பொருள்களைத் தேடுவது மற்றொன்று. உறக்க மூச்சுத்தடையுள்ள குழந்தைகளிடம் இப்பொருள்கள் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் கண்டுள்ளன. ஊசி இல்லை, வலி இல்லை. வரவேற்கவேண்டிய முயற்சிதான்.

ஆனாலும், இதை நம்பி உறக்க ஆய்வைத் தள்ளிப்போடக்கூடாது என்பதே என் கருத்து. மூச்சுச் சோதனை காட்டுவது அழற்சியை. இரவில் மூச்சு எத்தனை முறை நின்றது என்பதை அது எண்ணுவதில்லை. ஆஸ்துமாவும் ஒவ்வாமையும்கூட நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டும். அளவு குறைவாக வந்தது என்று நிம்மதியாக வீடு திரும்பும் பெற்றோர், நோயைக் கவனிக்காமலே விட்டுவிட நேரலாம். உறக்க ஆய்வுக்கு யாரை முதலில் அனுப்புவது, சிகிச்சை பலன் தந்ததா என்று அறிய மூச்சுச் சோதனை ஒருநாள் உதவலாம். அதையும் முதலில் நிரூபிக்கட்டும்.

அதுவரை செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. குழந்தையை வழக்கமான பரிசோதனைக்குக் கொண்டுவரும்போதெல்லாம் குறட்டை உண்டா என்று கேட்கும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் மருத்துவர்களுக்குப் பரிந்துரைத்தது. நம் கிளினிக்குகளிலும் அந்தக் கேள்வி தவறாமல் எழவேண்டும். மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். பிள்ளை உறங்குவதைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவுசெய்து காட்டுங்கள்.

உடனே அறுவை சிகிச்சைதான் என்று அஞ்சவும் வேண்டாம். 5 முதல் 9 வயதுக்குட்பட்ட 464 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில், டான்சில், அடினாய்டு அகற்றப்பட்டவர்களில் 79 விழுக்காட்டினருக்கு உறக்க ஆய்வு முடிவு ஏழு மாதங்களில் இயல்புக்குத் திரும்பியது. அறுவை செய்யாமல் கண்காணிக்கப்பட்டவர்களிலும் 46 விழுக்காட்டினருக்கு அவ்வாறே ஆனது. உங்கள் பிள்ளைக்கு எது ஏற்றது என்பதை மருத்துவர் சொல்வார். குறட்டையை அவரிடம் சொல்லவேண்டியது நீங்கள்தான்.